கண்ணாடி ஓட்டு வெளிச்சம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். சின்ன ஓட்டு வீடு. அடுப்படிக்கு மேலே மட்டும் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். காலை பத்து மணி வாக்கில் அதன் வழியே வெயில் சாய்ந்து இறங்கும். அப்பத்தா உலை வைத்திருக்கும் நேரமாக இருந்தால் அந்த வெயில் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு தூண் மாதிரி நிற்கும். நானும் தங்கச்சியும் அதற்குள் கையை விட்டு அளைவோம். புகை சுருண்டு சுருண்டு ஏறுவது தூணுக்குள் மட்டும்தான் தெரியும். சோறு வடித்து, அடுப்பு அணைந்து, கொஞ்ச நேரம் போனால் தூணைக் காணோம். தரையில் மட்டும் வெயில் ஒரு கட்டமாகப் பளிச்சென்று கிடக்கும்.

புகை போனால் வெளிச்சம் இன்னும் நன்றாகத்தானே தெரிய வேண்டும், தூண் ஏன் மறைகிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. கல்லூரியில் இயற்பியல் எடுத்த பிறகுதான் புரிந்தது. தூணாக நாங்கள் பார்த்தது, தரைக்குப் போய்ச் சேராத வெளிச்சம். புகைத் துகள்கள் அதை வழியிலேயே தட்டிச் சிதற அடித்ததால் பக்கவாட்டில் திரும்பி எங்கள் கண்ணுக்கு வந்தது. சிதறியது போக மிச்சம்தான் தரைக்கு. அடுப்பு அணைந்ததும் தரையில் கட்டம் பளிச்சென்று ஆனது அதனால்தான்.

இந்த அடுப்படி ஞாபகத்தை இப்போது எழுதக் காரணம் ஒரு பையன். வட சென்னையில் ஒரு பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். போன மாதம் வெப்பக் கதிர்வீச்சுப் பாடத்தின் நடுவே, காற்றில் மிதக்கும் தூசும் புகையும் வெயிலைத் தடுத்துப் பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கும் என்று போகிற போக்கில் சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "அப்ப நம்ம ஏரியா புகை நல்லதா சார்?" வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மறுநாள் சொன்னதும் அரைகுறைதான். அவனுக்கு முழுசாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் புகையோடு பழக்கம் அடுப்படியில் மட்டும் வந்ததில்லை. அப்பா கரிமூட்டம் போடுகிறவர். எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் தவிர வேறு எதுவும் கேட்காமல் வளராது. அதை வெட்டி, காய வைத்து, அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் போட்டு, மண்ணால் மூடி, ஒரு பக்கம் தீ வைப்பார்கள். உள்ளே காற்று அளவாகத்தான் போக வேண்டும். அதிகம் போனால் விறகு எரிந்து சாம்பலாகும், போகாவிட்டால் வேகாத கட்டையாக நிற்கும். நாள்கணக்கில் பக்கத்திலேயே படுத்துக் காவல் காக்க வேண்டும். அப்பா புகையின் நிறத்தைப் பார்த்துத்தான் எல்லாம் சொல்வார். "வெள்ளையா வந்தா தண்ணி போகுதுன்னு அர்த்தம். நீலம் தட்டிருச்சுன்னா அந்தப் பக்கம் கரியே எரிய ஆரம்பிச்சிருச்சு, உடனே ஓட்டையை அடைச்சிரணும்." ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போய் மண் அள்ளிப் போடுவார்.

வெள்ளைப் புகையில் நீராவியும் தார்த் துளிகளும். நீலப் புகையில் அவற்றைவிடப் பல மடங்கு சின்னத் துகள்கள். துகள் சின்னதாக ஆக ஆக நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும், வானம் நீலமாக இருப்பதும் அந்த விதியால்தான். அப்பா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. துகளின் அளவை நிறத்தால் கண்டுபிடிக்கிற வேலையைத்தான் அவர் ஆயுசு முழுக்கச் செய்தார். இன்று செயற்கைக்கோளில் இருக்கும் கருவிகள் பல நிறங்களில் வானத்தைப் பார்த்து, இது புகையா, பாலைவனத் தூசா, கடல் உப்பா என்று பிரிப்பதும் ஏறக்குறைய இதே வித்தைதான்.

நிறத்தால் தெரியாத ஒன்றும் அந்த மூட்டத்திலிருந்து வந்துகொண்டேதான் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, மீத்தேன். அவற்றை எந்த டார்ச்சும் காட்டாது.

இந்த இரண்டையும், அதாவது வெளிச்சத்தைச் சிதறடிக்கும் துகளையும் கண்ணுக்குத் தெரியாமல் சூட்டைப் பிடிக்கும் வாயுவையும், ஒரே மனிதர் ஆராய்ந்திருக்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அயர்லாந்தில் பிறந்து லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை பார்த்த ஜான் டிண்டால். 1859-இல் ஒரு நீளக் குழாயில் ஒவ்வொரு வாயுவாக நிரப்பி, ஒரு முனையில் சூடு வைத்து, மறு முனைக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்தார். காற்றில் பெரும்பங்கு இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சூட்டை அப்படியே விட்டுவிட்டன. கொஞ்சூண்டு இருக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் மறித்தன. அப்புறம் 1860-களின் பிற்பகுதியில் அதே டிண்டால், கண்ணாடிக் குழாய்க்குள் ஒளிக்கற்றையை விட்டு, துகள்கள் அதை எப்படிச் சிதறடிக்கின்றன என்று பார்த்தார். பாடப்புத்தகத்தில் டிண்டால் விளைவு என்று படிக்கிறோமே, அதுதான். எங்கள் அடுப்படித் தூணுக்கு அவர் பெயர்தான்.

சரி, புகை வெயிலை மறிக்கிறது என்றால் பூமியிலிருந்து வெளியேறும் சூட்டையும் மறிக்க வேண்டுமே? இதுவும் அளவில்தான் இருக்கிறது. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகப் போய், காற்றிலேயே சல்பேட் துகளாக மாறுகிறது. அந்தத் துகள் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். வெயிலில் நாம் காணும் ஒளியின் அலைநீளம் 0.4-லிருந்து 0.7 மைக்ரான் வரை. துகளும் அலையும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் நேராக மோதிச் சிதறுகிறது. பூமி திருப்பி அனுப்பும் வெப்பக் கதிரின் அலைநீளமோ பத்து மைக்ரானைச் சுற்றி. அதற்கு இந்தத் துகள் ஒரு பொருட்டே இல்லை, தாண்டிப் போய்விடும். கார்பன் டை ஆக்சைடு நேர் எதிர். வெயிலை உள்ளே விட்டுவிட்டு, 15 மைக்ரான் வாக்கில் இருக்கும் வெப்பக் கதிரைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று வரும் வாசலில் நிற்கிறது, இன்னொன்று போகும் வாசலில் நிற்கிறது.

இவை காற்றில் தங்கும் காலத்தில் இருக்கும் வித்தியாசம்தான் என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைக்கிறது. 2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. பஞ்சாபில் ஜலந்தர்க்காரர்கள் மொட்டை மாடியில் ஏறி நின்று தௌலாதார் மலையின் பனிச் சிகரங்களைப் படம் எடுத்துப் போட்டார்கள். வட இந்தியாவுக்கு மேல் துகள்களின் அளவு இருபது ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று நாசா சொன்னது. சென்னையில் எங்கள் தெருவிலிருந்துகூட வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. எல்லாரும் பூமி மூச்சு விடுகிறது என்று எழுதினார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். அடுத்த மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கார்பன் டை ஆக்சைடை அளந்தபோது 417 பிபிஎம், அதாவது பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் 417. அதுவரை அங்கே பதிவானதிலேயே அதிகம். உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அந்த மே மாதத்தில்!

துகள்கள் காற்றில் சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம் தங்கும். மழை வந்தால் கழுவிப் போய்விடும். அடுப்பை அணைத்தால் தூண் மறைவது போலத்தான். கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கைக் கடலும் காடும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் கணிசமான பங்கு நூற்றாண்டுகளுக்கு அங்கேயே இருக்கும். 1958-இல் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315 பிபிஎம். 2025 மே மாதம் 430-ஐத் தாண்டிவிட்டது. நாம் இன்று எரிப்பது, ஏற்கெனவே தாத்தா காலத்தில் எரித்ததன் மேல் போய் உட்காருகிறது.

நம் பக்கத்துக் காற்றைப் பற்றிப் பேசும்போது காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதனைத் தாண்டிப் போக முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டிக் கம்பெனி ஒன்றில், பெட்டியிலிருந்து கசியும் வாயுவை நிறுத்துவதுதான் அவருடைய முதல் வேலை. பிறகு அமெரிக்கா போய், 1975-இல், அதே குளிர்பதன வாயுவான குளோரோ ஃப்ளோரோ கார்பனின் ஒரு மூலக்கூறு, சூட்டைப் பிடிப்பதில் சுமார் பத்தாயிரம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சின்ன வயதில் கையால் கசிவு பார்த்த வாயுவை உலகத்தின் கசிவாகப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும்.

அதே மனிதர் 1990-களில் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார். வளிமண்டல வேதியியலாளர் பால் க்ரூட்சனோடு சேர்ந்து அவர் நடத்திய இன்டோஎக்ஸ் ஆய்வு 1999-இல் ஜனவரியிலிருந்து மார்ச் வரை உச்சத்தில் நடந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், கப்பல்கள், விமானங்கள், மாலத்தீவில் காஷிதூ என்ற குட்டித் தீவில் ஓர் ஆய்வகம். நம் நாட்டின் சாகர் கன்யா கப்பலும் அதில் போனது. நடுக்கடலில், ஊர்களிலிருந்து அத்தனை தூரத்தில், காற்று சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தடிமனுக்கு ஒரு பழுப்புப் படலம் விரிந்து கிடந்தது. கடலின் மேல் விழும் வெயிலை அது சுமார் பத்து சதவீதம் குறைத்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் வாடைக்காற்று, நம் அடுப்புப் புகை, செங்கல் சூளைப் புகை, டீசல் புகை, அனல்மின் புகை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் அங்கே பரப்பியிருந்தது.

அந்தப் படலத்தை 2002-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஆசியப் பழுப்பு மேகம் என்று பெயர் வைத்து அறிக்கை வெளியிட்டபோது இங்கே எதிர்ப்பு வந்தது. நூறு வருஷம் நிலக்கரி எரித்தவர்கள் ஏழைகளின் அடுப்பைக் கை காட்டுகிறார்கள் என்ற கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, இன்றும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயரில் இருந்த ஆசியாவைப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஆனால் பெயரை எடுத்ததால் மேகம் போய்விடவில்லை, அதன் அடியில் மூச்சு விடுவது நாம்தான்.

அந்த மேகத்தில் கரி எது, யாருடையது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். விறகில் இருக்கும் கார்பன் போன வருஷமோ பத்து வருஷம் முன்போ மரம் காற்றிலிருந்து எடுத்தது. அதில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் இருக்கும். நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்தவை, அவற்றில் கார்பன்-14 முழுக்க அழிந்திருக்கும். ஆகவே வடிதாளில் படிந்த கரியை எடுத்து கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால் போதும். மாலத்தீவிலும் மகாராஷ்டிரத்தின் சிங்ககட்டிலும் பிடித்த துகள்களை வைத்து 2009-இல் வந்த முடிவு இது: அந்தக் கரும்புகைத் துகளில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, வறட்டி, பயிர்த்தாள் போன்றவற்றை எரித்து வந்தது. இதைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் மூட்டமும் அப்பத்தாவின் அடுப்பும்தான் கண்ணில் நின்றன. குற்ற உணர்வு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இரண்டு பேரும் ஊதிய புகை முதலில் அவர்கள் நெஞ்சுக்குள்தான் போனது.

கரும்புகைத் துகள் சல்பேட் மாதிரி வெயிலைச் சிதறடித்து விடுவதில்லை, குடித்துவிடும். கறுப்புக் குடை வெயிலில் சுடுவது போல அது சுட்டு, சுற்றியுள்ள காற்றையும் சுட வைக்கும். தரைக்கு நிழல், நடுவானுக்குச் சூடு. 2006 மார்ச்சில் ராமநாதனின் குழு மாலத்தீவில் மூன்று ஆளில்லா விமானங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வெவ்வேறு உயரத்தில் பறக்கவிட்டு, மேகத்துக்கு மேலும் உள்ளும் கீழும் ஒரே நேரத்தில் வெயிலை அளந்தது. அந்தப் படலம் கீழ் வளிமண்டலம் வெயிலால் சூடாவதை சுமார் ஐம்பது சதவீதம் கூட்டியது என்று கண்டார்கள். அதே கரி இமயமலைப் பனியில் போய்ப் படிந்தால் வெள்ளைப் பனி மங்கி இன்னும் வேகமாக உருகும்.

மழைக்கும் இதில் பங்கு உண்டு. கடலின் மேல் வெயில் குறைந்தால் ஆவியாவது குறையும். நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறைந்தால் பருவக்காற்றின் இழுப்பும் குறையும். 1951-லிருந்து 2015 வரை தென்மேற்குப் பருவமழை சுமார் ஆறு சதவீதம் குறைந்தது, கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது நன்றாகத் தெரிகிறது என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகத் துகள்களைத்தான் காட்டுகிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு மழை வடகிழக்கில்தான் வரும். ஆனால் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைய வேண்டுமானால் வைகையில் தண்ணீர் வர வேண்டும், வைகைக்கு மேற்கு மலையில் பெய்ய வேண்டும்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு நேராக வருகிறேன், ஏனென்றால் அதை மழுப்பக் கூடாது. புகை குளிர்விக்கிறது என்பது உண்மை. 1991 ஜூன் 15-இல் பிலிப்பைன்ஸில் பினடுபோ எரிமலை வெடித்து, சுமார் ஒன்றரைக் கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேல்வளிமண்டலத்தில் கொட்டியது. அடுத்த ஓராண்டில் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது. மழை எட்டாத உயரம் என்பதால் அந்தத் துகள்கள் ஓரிரண்டு வருஷம் தங்கின. நாம் கீழே ஊதுவது வாரத்தில் கழுவிப் போனாலும், தினமும் ஊதுவதால் படலம் நிரந்தரமாக நிற்கிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-இல் போட்ட கணக்கில், சூட்டைப் பிடிக்கும் பசுங்குடில் வாயுக்கள் மட்டும் இருந்திருந்தால் பூமி சுமார் ஒன்றரை டிகிரி சூடாகியிருக்கும். துகள்களும் மற்றவையும் சேர்ந்து சுமார் 0.4 டிகிரியைக் குறைத்திருக்கின்றன. மிச்சம் 1.1 டிகிரிக்கு அருகில். அந்தக் குறைப்பு பூஜ்யத்திலிருந்து 0.8 வரை எங்கும் இருக்கலாம் என்று பெரிய இடைவெளியோடுதான் சொல்கிறார்கள், துகள்கள் மேகத்தோடு சேர்ந்து செய்வதைக் கணக்கிடுவது அவ்வளவு கடினம். இந்தியா 1901-லிருந்து 2018 வரை சுமார் 0.7 டிகிரிதான் சூடானது. உலகச் சராசரியைவிட நாம் பின்தங்கியிருப்பதற்குப் புகைமூட்டம் ஒரு காரணம், பாசனம் இன்னொரு காரணம்.

ஆக நாம் ஒரு நிழலுக்குக் கீழே நின்றுகொண்டு வெயில் குறைவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நிழல் விலகும்போது என்ன ஆகும் என்பதை இப்போதே கொஞ்சம் பார்க்க முடிகிறது. 2020 ஜனவரி 1 முதல் உலகக் கப்பல்கள் எல்லாம் எரிபொருளில் கந்தகத்தை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பு கப்பல் போன வழியெல்லாம் கடல் மேகத்தில் வெள்ளைக் கோடு விழும். புகைத் துகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் நீர்த்துளி கட்டுவதால், சின்னத் துளிகள் ஏராளமாகி மேகம் அந்த இடத்தில் மட்டும் வெளுத்துவிடும். சட்டத்துக்குப் பிறகு அந்தக் கோடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அதனால் எவ்வளவு சூடு கூடியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் நடக்கிறது. கூடியது என்பதில் விவாதமில்லை. சீனாவும் 2013-க்குப் பிறகு தன் புகையைப் படுவேகமாகக் குறைத்தது, அங்கேயும் இதே கதைதான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. குளிர்விக்கிறதே, இருக்கட்டுமே என்று சொல்வது எளிது. இருக்கட்டும் என்றால் யார் நெஞ்சுக்குள் இருக்கட்டும்? சல்பேட் துகள் பிஎம் 2.5 வகை, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத துகள். மூக்கு முடியில் நிற்காது, தொண்டைச் சளியில் ஒட்டாது, நேராக நுரையீரலின் கடைசிப் பைகளுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி ஐந்து மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நம் நாட்டின் வரம்பு நாற்பது. அந்த நாற்பதையே எத்தனை ஊர்கள் தாண்டுகின்றன! நூற்றாண்டுகளுக்குத் தங்கும் வாயுவின் சூட்டை ஒரு வாரம் தங்கும் துகளால் மறைக்க வேண்டுமென்றால், நூற்றாண்டுகளுக்கும் தினமும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வகுப்புப் பையனின் மூச்சுக்குழாயை உலகத்துக்குக் குடையாகப் பிடிக்கச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அனல்மின் நிலையங்கள் கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவி வைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது. கெடு இரண்டு வருஷம். பிறகு கெடு தள்ளிப் போனது, திரும்பவும் தள்ளிப் போனது, 2025 ஜூலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். வாயு வரம்புக்குள் இருக்கலாம். ஆனால் அது வாயுவாகவே இருந்துவிடுவதில்லையே. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் வழியில் துகளாக மாறிவிடுகிறது, மாறிய பிறகு கந்தக டை ஆக்சைடு கணக்கில் அது வராது, பிஎம் 2.5 கணக்கில் யார் பெயரும் இல்லாமல் சேரும். இந்த ஒன்றை மட்டும் எல்லாரும் புரிந்துகொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.

சூடு கூடுமே என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்யும்போதே, சூடாக்கும் பொருள்களில் ஆயுசு குறைந்தவற்றை முதலில் பிடிக்க வேண்டும். கரும்புகை ஒரு வாரம். மீத்தேன் சுமார் பன்னிரண்டு வருஷம். மீத்தேன் சூட்டைப் பிடிப்பதோடு நிற்காமல், தரையோரத்தில் ஓசோன் உண்டாகவும் காரணமாகிறது. அந்த ஓசோன் நெஞ்சையும் எரிக்கும், நெல்லையும் கோதுமையையும் வாட்டும். குப்பைமேடும் கசியும் எரிவாயுக் குழாயும் இந்தக் கணக்கில் வரும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. இவற்றைக் குறைத்தால் காற்றும் சுத்தமாகும், சூடும் குறையும், சல்பேட் விலகும் இடத்தை ஓரளவுக்கு இது ஈடுகட்டும். கார்பன் டை ஆக்சைடைக் குறைப்பதை இதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது, அது ஏறிய படியில் இறங்காத சாமான்.

அடுப்பு விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் உண்டு. நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த பிஎம் 2.5 சுமார் 24 மைக்ரோகிராம், மற்றப் பாதிப் பேருக்குச் சுமார் 70. ஆனால் 2022-இல் முடிவு வந்தபோது, குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. படித்ததும் மனசு விழுந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பெண்கள் பிறந்ததிலிருந்து புகையில் வளர்ந்தவர்கள். கர்ப்பத்தின் நடுவில் சில மாதங்கள் மட்டும் கிடைத்த நல்ல காற்றிடம் எல்லாவற்றையும் கேட்பது சரியில்லை. 24 என்பதும் ஐந்து இல்லை. எங்கள் அப்பத்தா அறுபது வருஷம் ஊதாங்குழல் பிடித்தவர். கடைசி நாலு வருஷம் மூச்சிரைப்பு. வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தபோது அவர் எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்தது. இருபது வயதில் வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அடுப்படியில் கேஸ் அடுப்பு, சுவரில் வெள்ளை. கண்ணாடி ஓட்டைக் கழுவி மாட்டியிருந்தார்கள், பத்து மணி வெயில் தரையில் கட்டமாக விழுந்தது, நடுவில் தூண் இல்லை. ஆனால் மறுநாள் விடியற்காலையில் கொல்லையில் மூன்று கல் கூட்டி, கருவேலங்கட்டை வைத்து அம்மா குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். பனிக்காலக் காலை. புகை கூரை உயரத்துக்கு ஏறி, அதற்கு மேல் போக முடியாமல், பாய் விரித்த மாதிரி தெரு முழுக்கப் பரவி நின்றது. தரையோரம் குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடி மாதிரி உட்கார்ந்துவிட்டால் அப்படித்தான் நிற்கும். நாலைந்து வீட்டுப் புகை சேர்ந்து தெருவிளக்கு மங்கலாகத் தெரிந்தது.

"சிலிண்டர் இருக்குல்லம்மா, உள்ளயே வச்சுக்கலாம்ல?"

"அது சோத்துக்கும் காபிக்கும். வெந்நிக்கும் அதையே வச்சா மாசக் கடைசில என்ன செய்ய?" என்று குனிந்து ஊதினார். இரண்டு தடவை இருமினார். நான் குச்சியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, வெந்நீருக்கு சோலார் வைக்க என்ன ஆகும் என்று பக்கத்து ஊர் எலெக்ட்ரீசியனுக்கு போன் போட்டேன். மாடி இல்லை, ஓட்டுக் கூரை தாங்குமா என்று வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். பொங்கல் கழிந்து வருகிறேன் என்றிருக்கிறார். இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை திரும்பக் கூப்பிட வேண்டும்.